தமிழ்நாட்டில் மது வயது வரம்பும் குடிபோதையில் வாகனம் ஓட்டுதல் தடுப்பும்

தமிழ்நாட்டில் 21 வயது நிறைவடையாதவர்களுக்கு மது விற்பதும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் மது கலந்த குருதியுடன் வாகனம் ஓட்டுவதும் சட்டப்படி குற்றங்கள் ஆகும். முதலாவது மாநில அரசின் விதிகளாலும், இரண்டாவது நடுவண் அரசின் மோட்டார் வாகனச் சட்டத்தாலும் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. 2003 ஆம் ஆண்டு முதல் மாநிலத்தில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமே என்பதால், விற்பவரும் தடுப்பவரும் ஒருவராகவே இருப்பது தமிழ்நாட்டுச் சூழலின் தனித்தன்மை ஆகும். இக்கட்டுரை இவ்விரு சட்டங்களின் பின்னணி, செயற்பாடு, தடுப்பு முயற்சிகள் ஆகியவற்றை விளக்குகிறது. தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டாரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

அரசியலமைப்புப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின் 47 ஆவது உறுப்பு, உடல்நலத்திற்குத் தீங்கு விளைவிக்கும் மது வகைகளைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று கூறுகிறது. இது அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளுள் ஒன்று. எனவே இதை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தின் மூலம் அரசைக் கட்டாயப்படுத்த இயலாது.

ஏழாவது அட்டவணையின்படி மது உற்பத்தி, விற்பனை, உடைமை ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் உள்ளன. இதனால் மது வாங்கும் வயது மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. வாகனம் ஓட்டுவோருக்கான மது வரம்போ நாடு முழுவதும் ஒன்றாக உள்ளது.

மதுவிலக்கின் சுருக்கமான வரலாறு

சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் 1937 ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரி முதல்வராக இருந்தபோது இயற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. வருவாய் இழப்பை ஈடு செய்ய 1939 இல் விற்பனை வரி அறிமுகமானது. 1948 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்த முக்கிய மாற்றங்கள் வருமாறு:

• 1971 – மு. கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது.
• 1974 – மதுவிலக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டது.
• 1981 – ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன.
• 1983 – மது மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) நிறுவப்பட்டது.
• 1987 – கள், சாராய விற்பனை தடை செய்யப்பட்டது.
• 2003 – ஜெ. ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

1937 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. பெயரளவில் மதுவிலக்குச் சட்டமாக இருக்கும் இதன் கீழ்தான் மது விற்பனைக்கான விதிகளும் வகுக்கப்பட்டுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

வயது வரம்பு

2003 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை (கடைகள் மற்றும் மதுக்கூடங்கள்) விதிகள், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடை செய்கின்றன. இவ்விதி முதன்மையாக விற்பவரை நோக்கியது. வாங்குபவரின் வயதில் ஐயம் எழுந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியது கடைப் பணியாளரின் பொறுப்பாகிறது.

18 வயது நிறைவடையாதோர் தொடர்பில் கடுமையான மற்றொரு சட்டமும் உண்டு. 2015 ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதி (பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 77 ஆவது பிரிவின்படி, மருத்துவர் அறிவுரையின்றிக் குழந்தைக்கு மது, போதைப்பொருள் அல்லது புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். குழந்தையைக் கொண்டு மது விற்பதும் கடத்துவதும் 78 ஆவது பிரிவின் கீழ் இதே தண்டனைக்குரியன. கடைக்காரர் மட்டுமன்றி, விழாக்களில் சிறுவனுக்கு மது ஊற்றித் தரும் உறவினரும் 77 ஆவது பிரிவின் வரம்புக்குள் வருவார்.

18 முதல் 20 வயது வரை உள்ளோர் இச்சட்டத்தின் பார்வையில் குழந்தைகள் அல்லர். அவர்களுக்கு மது கிடைக்காமல் தடுப்பது பெரும்பாலும் மாநில விற்பனை விதியே. ஆனால் இதே வயதினர் வாக்களிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் பெறலாம். கல்லூரியில் பயிலும், இருசக்கர வாகனம் ஓட்டத் தொடங்கும் பருவமும் இதுவே. எனவே வயது வரம்பும் சாலைப் பாதுகாப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை.

பிற இடங்களில் வயது வரம்பு

• புதுச்சேரி, கோவா – 18
• கேரளம் – 23 (2018 வரை 21)
• குசராத்து, பீகார் – மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது (பீகாரில் 2016 முதல்)
• இலங்கை – 21 (2006 ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம்)
• மலேசியா – 21 (2017 இறுதி வரை 18)
• சிங்கப்பூர் – 18
• ஐக்கிய அமெரிக்கா – 21

ஐக்கிய அமெரிக்காவில் 1984 ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயது வரம்பை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைத்தது. 1980 இல் தொடங்கப்பட்ட, குடிபோதை ஓட்டுநர்களால் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் இயக்கம் இதற்குப் பெரும் அழுத்தம் கொடுத்தது. குடிக்கும் வயதைச் சாலை நிதியுடன் இணைத்தமையே அச்சட்டத்தின் சிறப்பு ஆகும்.

குடிபோதையில் வாகனம் ஓட்டுதல்

சட்ட வரம்பு

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185 ஆவது பிரிவின்படி, 100 மி.லி. குருதியில் 30 மி.கி.க்கு மேல் மதுசாரம் இருக்க வாகனம் ஓட்டுவது அல்லது ஓட்ட முயல்வது குற்றம் ஆகும். உலக நலவாழ்வு அமைப்பு பொதுவான ஓட்டுநர்களுக்கு 50 மி.கி., இளம் ஓட்டுநர்களுக்கு 20 மி.கி. என்னும் உச்ச வரம்புகளைப் பரிந்துரைக்கிறது. இங்கிலாந்தில் நீண்டகாலமாக 80 மி.கி. வரம்பு உள்ளது. ஸ்கொட்லாந்து 2014 இல் அதனை 50 மி.கி. ஆகக் குறைத்தது. இவற்றுடன் ஒப்பிட்டால் இந்திய வரம்பு கடுமையானது.

30 மி.கி. என்பது எவ்வளவு?

குருதியில் சேரும் மதுசார அளவைக் கணிக்க, சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் உருவாக்கிய வாய்பாடு பயன்படுகிறது. உட்கொண்ட மதுசாரத்தின் எடையை, உடல் எடையாலும் உடலின் நீர்ப்பகுதியைச் சார்ந்த ஒரு காரணியாலும் வகுத்தால் குருதியின் மதுசாரச் செறிவு கிடைக்கும். இக்காரணி ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55 எனக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் விற்கும் பிராந்தி, விசுக்கி, ரம் போன்றவை பொதுவாக 42.8 விழுக்காடு மதுசாரம் கொண்டவை. மதுசாரத்தின் அடர்த்தி மி.லி.க்கு 0.789 கிராம்.

60 கிலோ எடையுள்ள ஆணுக்கான தோராயமான கணக்கு வருமாறு:

• 30 மி.லி. – 10 கிராம் மதுசாரம் – குருதியில் சுமார் 25 மி.கி.
• 60 மி.லி. – 20 கிராம் – சுமார் 50 மி.கி.
• 90 மி.லி. (பேச்சுவழக்கில் கட்டிங்) – 30 கிராம் – சுமார் 75 மி.கி.
• 180 மி.லி. (குவார்ட்டர்) – 61 கிராம் – சுமார் 150 மி.கி.
• 650 மி.லி. பீர், 5 விழுக்காடு – 26 கிராம் – சுமார் 63 மி.கி.

அதாவது 60 மி.லி. அளவே வரம்பைத் தாண்டிவிடக் கூடும். ஒரு புட்டி பீர் வரம்பைப் போல் இரு மடங்கு ஆகிறது. உணவு, உடல்நிலை, குடிக்கும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து இவ்வளவுகள் மாறும். ஆகவே இக்கணக்கை எவ்வளவு குடித்துவிட்டு ஓட்டலாம் என்பதற்கான வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது.

கல்லீரல் மதுசாரத்தை ஏறத்தாழ சீரான வேகத்தில், மணிக்குச் சுமார் 15 மி.கி. என்னும் அளவில் அகற்றுகிறது. குளிப்பது, மோர் அல்லது காப்பி குடிப்பது, எலுமிச்சைச் சாறு அருந்துவது ஆகியவை இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. மேற்கண்ட கணக்கின்படி இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்தவரின் குருதி, மறுநாள் காலை 5 மணியளவில்தான் 30 மி.கி. அளவுக்கு இறங்கும். முற்றிலும் நீங்க மேலும் இரண்டு மணி நேரம் ஆகும். தூங்கி எழுந்ததும் போதை தெளிந்துவிட்டதாக உணரும் ஒருவர், அதிகாலையில் வாகனத்தை எடுத்தால் சட்டப்படி இன்னும் குற்றவாளியாகவே இருக்கக் கூடும். பூச்சந்தைக்கும் பணிக்கும் விடியுமுன் புறப்படுவோர் நிறைந்த ஊர்களில் இது கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

மூச்சுச் சோதனை

நுரையீரலில் குருதியில் உள்ள மதுசாரத்தின் ஒரு பகுதி மூச்சுக்காற்றில் கலக்கிறது. சுமார் 2,100 மி.லி. மூச்சில் உள்ள மதுசாரம் 1 மி.லி. குருதியில் உள்ளதற்குச் சமம் என்னும் விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு மூச்சுப் பகுப்பாய்வுக் கருவிகள் குருதி அளவைக் காட்டுகின்றன. 1954 இல் அமெரிக்கரான ராபர்ட் போர்க்கன்சுடைன் கையாளத்தக்க கருவியை உருவாக்கினார். தற்போதைய கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் எரிபொருள் கலம் உள்ளது. அதில் மதுசாரம் ஆக்சிசனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. வாயில் தங்கியுள்ள மது அல்லது மதுசாரம் கலந்த வாய்கழுவி பொய்யான உயர் அளவைக் காட்டலாம். ஆதலால் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் சோதிப்பது முறையாகும்.

சட்டத்தின் 203 ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள காவலர் குற்றம் நிகழ்ந்ததாக ஐயுறத் தக்க காரணம் இருந்தால் ஓட்டுநரை மூச்சுச் சோதனைக்கு உட்படுத்தலாம். கைதானவரிடம் 204 ஆவது பிரிவின் கீழ் குருதி மாதிரி எடுக்கலாம். தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அம்மறுப்பே அவருக்கு எதிரான சான்றாகக் கருதப்படலாம் என்கிறது 205 ஆவது பிரிவு.

அளவீடு இன்றியமையாதது என்பதை நீதிமன்றங்களும் வலியுறுத்தியுள்ளன. மது வாடை வீசியது, கண்மணி விரிந்திருந்தது ஆகியவை மட்டும் ஒருவர் போதையில் இருந்தார் என்பதற்குப் போதிய சான்று ஆகா என்று உச்ச நீதிமன்றம் 1971 இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

தண்டனைகள்

2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படும். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படும். திருத்தத்திற்கு முன் இத்தண்டங்கள் முறையே 2,000, 3,000 ரூபாய் வரையே இருந்தன. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட தண்டங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, குடிபோதையில் ஓட்டுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்க 2015 இல் அறிவுறுத்தியது.

இவற்றுடன் தொடர்புடைய பிற விளைவுகள்:

• குற்றத்திற்குத் துணை போவோரும் 188 ஆவது பிரிவின் கீழ் தண்டிக்கப்படலாம். இதனடிப்படையில் உடன் பயணிப்போர் மீதும் வழக்குப் பதியப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 இல் அறிவித்தது.
• 18 வயது நிறைவடையாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், 199அ பிரிவின் கீழ் பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறார் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.
• உயிரிழப்பு நேர்ந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தோடு மட்டும் வழக்கு நின்றுவிடாமல், கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாகவும் கருதப்படலாம். 2012 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அலிஸ்டர் பெரைரா, சஞ்சீவ் நந்தா வழக்குகள் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

நெடுஞ்சாலைக் கடைகள் வழக்கு

சாலையோர மதுக்கடைகளுக்கு எதிரான முக்கிய வழக்கு தமிழ்நாட்டிலிருந்து தொடங்கியது. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 திசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு இத்தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மறுநாளே 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

மூடிய கடைகளுக்கு மாற்றாகக் குடியிருப்புப் பகுதிகளில் கடைகள் திறக்க முயன்றபோது பல ஊர்களில் பெண்கள் போராடினர். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில் நடந்த போராட்டத்தில் காவல்துறை தடியடி நடத்தியது பரவலான கண்டனத்திற்கு உள்ளானது. 2017 சூலையில், இத்தடை நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற கடைகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் அளித்தது. இதனால் தீர்ப்பின் வீச்சு நகரப் பகுதிகளில் பெருமளவு குறைந்தது.

சங்கரன்கோவில் வட்டாரம்

சங்கரன்கோவில், சங்கரநாராயண சுவாமி கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் அறியப்படும் நகராட்சி ஆகும். விசைத்தறி நெசவும் பூ வணிகமும் இங்குள்ள முக்கியத் தொழில்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் இது அமைந்துள்ளது. இவ்வூர் வழியே திருநெல்வேலி – இராசபாளையம் சாலை செல்கிறது.

மேலே கூறிய விதிகள் ஓர் ஊரில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை இங்கு காணலாம்:

• வழிபாட்டிடம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து மதுக்கடை இருக்க வேண்டிய குறைந்த தொலைவு நகராட்சியிலும் மாநகராட்சியிலும் 50 மீட்டர். பிற பகுதிகளில் 100 மீட்டர். எனவே நகருக்குள் 50 மீட்டரும், நகராட்சி எல்லையைக் கடந்த சிற்றூர்களில் 100 மீட்டரும் பொருந்தும். மக்கள் அடர்ந்த கோயில் நகருக்கே குறைந்த பாதுகாப்பு கிடைக்கிறது.
• நகராட்சி என்பதால் 2017 சூலை விளக்கம் இவ்வூருக்குப் பொருந்தும். நெடுஞ்சாலைத் தொலைவு விதி நகர எல்லைக்குள் கட்டாயம் அன்று.
• மாவட்டத்தின் மேற்கு எல்லை கேரளம். புளியரையைக் கடந்தால் மது வாங்கும் வயது 21 இலிருந்து 23 ஆக உயர்கிறது. 30 மி.கி. வரம்போ எல்லையின் இரு பக்கமும் ஒன்றே.
• தேர்தலின்போது, வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்தைய 48 மணி நேரம் மது விற்பனை தடை செய்யப்படும். 2012 மார்ச் 18 அன்று நடைபெற்ற சங்கரன்கோவில் சட்டமன்ற இடைத்தேர்தலைப் போன்ற தனித்தொகுதித் தேர்தல்களுக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் இவ்விதி உரியது.

இவ்வட்டாரம் மது எதிர்ப்புப் போராட்டத்திலும் இடம்பெற்றது. காந்தியவாதி சசிபெருமாள் 2015 சூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். அதையடுத்து மாநிலம் எங்கும் போராட்டங்கள் எழுந்தன. சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள, ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோவின் சொந்த ஊரான கலிங்கப்பட்டியில் மதுக்கடையை மூடக் கோரி ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஊர் மக்கள் திரண்டனர். தொண்ணூறு வயதைக் கடந்த வைகோவின் தாயார் மாரியம்மாளும் இதில் கலந்துகொண்டார். கடை தாக்கப்பட்டது, காவல்துறை தடியடி நடத்திக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது.

தடுப்பு முயற்சிகள்

• கடைக் குறைப்பு: 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. 2016 இல் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து நண்பகல் 12 மணியாக மாற்றப்பட்டது.
• விற்பனையில்லா நாட்கள்: குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் பிறந்த நாள், மீலாது நபி, மே நாள் ஆகியவற்றில் கடைகள் மூடப்படும்.
• எச்சரிக்கை வாசகம்: 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் மதுப் புட்டிகளில் உடல்நலத் தீங்குடன், குடித்துவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது என்னும் எச்சரிக்கையும் கட்டாயம்.
• மீட்பு சிகிச்சை: சாந்தி ரங்கநாதன் 1980 இல் தொடங்கிய சென்னை டி.டி.கே. மருத்துவமனை இத்துறையில் முன்னோடி. போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446.
• விபத்துச் சிகிச்சை: 2021 திசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின் கீழ் விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1976 இலும் நியூ சவுத் வேல்சு 1982 இலும் எந்த ஓட்டுநரையும் காரணமின்றி நிறுத்தி மூச்சைச் சோதிக்கும் முறையைத் தொடங்கின. அதன் பின் அங்கு மதுவால் நேரும் சாலை இறப்புகள் குறைந்தன. தண்டனையின் அளவைவிட, பிடிபடுவோம் என்னும் உறுதியே குடித்தவரை வாகனத்திலிருந்து விலக்குகிறது என்பது இதன் பாடம். இந்தியச் சட்டம் ஐயத்திற்குரிய காரணத்தைக் கோருவதால் இம்முறைக்கு முழுமையாக இடமளிக்கவில்லை.

விமர்சனங்கள்

2022 இல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நிகழ்ந்து 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். ஆனால் நாடளாவிய பதிவுகளில் குடிபோதையால் நேர்ந்தவையாகக் காட்டப்படுவது சில விழுக்காடு இறப்புகளே. இறந்தவர், காயமுற்றவர் அனைவரின் குருதியும் சோதிக்கப்படாததால் பெரும்பாலான விபத்துகள் மிகைவேகம் என்னும் தலைப்பில் பதிவாகின்றன. போதையில் இருந்ததாகப் பதிவானால் வாகனச் சேதத்திற்கான காப்பீடு மறுக்கப்படும் என்னும் அச்சமும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அளக்கப்படாத குற்றத்தின் அளவை அறிவதும் தடுப்பதும் கடினம்.

மற்றொரு விமர்சனம் வருவாய் பற்றியது. டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைக்கும் வரி வருவாய் 2003–04 இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்து, 2023–24 இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விற்பனை கூடினால் கருவூலம் நிரம்பும் நிலையில், அதே அரசு வயதைச் சரிபார்த்து வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு என மதுவிலக்கு ஆதரவாளர்கள் வினவுகின்றனர். கடையை ஒட்டிய மதுக்கூடங்களுக்கு வெளியே நிற்கும் இருசக்கர வாகனங்களையும் அவர்கள் சுட்டுகின்றனர்.

முழு மதுவிலக்கை எதிர்ப்போர் கள்ளச்சாராய இறப்புகளைக் காட்டுகின்றனர். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் மாண்டனர். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதையடுத்து 2024 இல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பை விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனையும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்க வகை செய்யப்பட்டது. இவ்விறப்புகள் அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே நிகழ்ந்தன என்பது எதிர்த்தரப்பின் மறுமொழி.

மதுவிலக்கு வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எனினும் 21 வயது விதியையும் 30 மி.கி. வரம்பையும் செயற்படுத்த அவ்விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடை முகப்பில் வயதுச் சான்று கேட்பதும், சாலையில் தவறாமல் மூச்சைச் சோதிப்பதும், விபத்துக்குப் பின் குருதியை அளந்து பதிவு செய்வதும் நடைமுறையிலுள்ள சட்டங்களுக்கு உட்பட்டே செய்யத்தக்கவை.

இவற்றையும் பார்க்க

• மதுவிலக்கு
• தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்
• மோட்டார் வாகனச் சட்டம், 1988
• சங்கரன்கோவில்